மண் கடையில் கண்ணாடி தேடுவது எப்படி: வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"இன்னாம்மா, கண்ணாடி செய்றவங்களுக்கு மண்ணு கடைல இன்னா வேல?"

ராணிப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும், பீங்கான் வேலைக்கான பொருள் விற்கும் கடைக்காரர் முதல் நாள் கேட்டது இது. அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. காட்பாடியில் என் வீட்டு மாடியில் ஒரு சின்ன மின்சூளை. கண்ணாடி ஒட்டாமலிருக்க அதன் தட்டுக்குப் பூசும் வெள்ளைப் பூச்சு தீர்ந்துபோயிருந்தது. அதை வாங்கத்தான் போயிருந்தேன். திரும்பும்போது பையில் பூச்சு இருந்தது, தலைக்குள் ஆறு மாத வேலைக்கான யோசனை இருந்தது.

கண்ணாடிக் கலைக்கென்றே ஒரு கடையை நான் வேலூரில் பார்த்ததில்லை. மண்ணுக்கு இங்கே குறைவில்லை. கொசப்பேட்டை என்ற பெயரிலேயே குயவர் இருக்கிறார். 'குசவர்' என்பது அந்தச் சொல்லின் இன்னொரு வடிவம். காட்பாடிக்கு அருகே கரிகிரி, மெருகிட்ட மட்பாண்டங்களுக்குப் பெயர்போன ஊர். ராணிப்பேட்டை, பாரிவேர் பீங்கான் செய்த ஊர். சூளையும் களியும் கிளேஸும் புழங்கும் இடத்தில் அவற்றை விற்கும் கடையும் இருக்கத்தானே செய்யும். கண்ணாடியைச் சூளையில் ஒட்டவும் வளைக்கவும் ஓரளவு பழகி, 'அடுத்து என்ன செய்வது' என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். இளகிய கண்ணாடி எதன்மேல் படுக்கிறதோ அதன் முகத்தை வாங்கிக்கொள்ளும். தட்டில் ஒரு தூரிகை ரோமம் ஒட்டியிருந்தால்கூட அதன் தடம் கண்ணாடியின் அடியில் தெரியும். மண் கடையில் இருக்கும் ஒவ்வொன்றையும், 'இதன்மேல் கண்ணாடி படுத்தால் எப்படி இருக்கும்' என்று கேட்டபடியே பாருங்கள். மண் வேலைக்காரர் கிளேஸ் என்று சொல்வதும் கண்ணாடிதான்; பானையின்மேல் மெல்லியதாக உருகி உறைந்த கண்ணாடி. அந்தக் கடைக்குள் நுழையும்போது நீங்கள் அந்நியர் இல்லை.

போவதற்கு முன்: பத்து துண்டுக் கண்ணாடி

ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் மீதித் துண்டு கேளுங்கள். 4 மில்லிமீட்டர் கனம், 10 சென்டிமீட்டர் சதுரம், பத்து துண்டு. எல்லாமே ஒரே தாளிலிருந்து வெட்டியவையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். காரணம் பின்னால் வருகிறது. ஓரங்களைத் தண்ணீர் தொட்டு எமரித் தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு துண்டுகளைப் பழைய துணியில் சுற்றிப் பையில் போடுங்கள். கூடவே ஒரு சின்ன டார்ச், கோடு போடாத நோட்டு, பென்சில். கைப்பேசியில் படம் எடுக்கலாம், ஆனால் வரைவது வேறு. படம் எடுத்தால் பார்த்துவிட்டோம் என்று கண் நகர்ந்துவிடும். வரைந்தால் கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று கை கேட்கும்.

வேலை நாளில் காலையில் போங்கள். மூட்டை இறக்கும் நேரத்தில் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. இந்தக் கடைகளில் பாதிச் சரக்கு அலமாரியில் கிடையாது, கடைக்காரரின் பேச்சில்தான் இருக்கும்.

முதல் சுற்று: எதையும் வாங்காதீர்கள்

அரை மணி நேரம் சும்மா சுற்றுங்கள். பையில் இருக்கும் கண்ணாடித் துண்டை எடுத்து, கண்ணில் படுவதன்மேல் வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து ஒளி விழுந்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் கிடைக்கும். சூளையிலிருந்து வந்த பின் கண்ணாடியில் எது நிற்கும், எது கரைந்து போகும் என்பதற்கு இதைவிடச் சுலபமான ஒத்திகை எனக்குத் தெரியாது.

என் நோட்டில் முதல் நாள் வரைந்தவை இவை: களி மூட்டையின் சாக்கு நெசவு, காய்ந்து வெடித்த களியின் பாளம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய, சூளைத் தட்டுகளைத் தாங்கும் கால்களின் நிழல், மாதிரி ஓடு ஒன்றில் கிளேஸ் வழிந்து விளிம்பில் திரண்டு நின்ற சொட்டு. நான்கில் மூன்று பின்னால் வேலையாக மாறின. விலைப் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மேடு பள்ளம்: இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்

இனி கருவிப் பக்கம். களியில் உருட்டும் டெக்ஸ்சர் ரோலர், மர அச்சு, ரப்பர் அச்சு, களி சீவும் கம்பி வளையம், சீப்பு போன்ற கீறல் கருவி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒன்றிரண்டு போதும். வீட்டில் இடியாப்ப அச்சு, முறுக்குத் தட்டு, பழைய புடவையின் ஜரிகை ஓரம் இருக்கின்றன. கடையில் கற்றுக்கொள்ள வேண்டியது, அழுத்தினால் எவ்வளவு ஆழம் விழுகிறது என்பது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தைத் தடித்த கண்ணாடி மங்கலாகத்தான் வாங்கும். மூன்று மில்லிமீட்டர் இருந்தால் நிழல் விழும்.

இதிலிருந்து கண்ணாடிக்குப் போக மூன்று வழிகள்.

முதல் வழி, சுட்ட மண் பலகை. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் களியைத் தட்டி, வேண்டிய அச்சைப் பதித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து ஒரு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். கிளேஸ் இல்லாமல் 1000 டிகிரி அளவில் ஒருமுறை சுட்டு எடுங்கள். சூளைத் தட்டுக்குப் பூசும் பூச்சை நான்கைந்து கை பூசிக் காய வைத்து, மேலே கண்ணாடியை வையுங்கள். பள்ளங்களில் காற்று சிக்கினால் பெரிய குமிழி எழும்பும். அதற்காகக் களி ஈரமாக இருக்கும்போதே ஆழமான இடங்களில் ஊசியால் துளை போட்டுவிடுங்கள். உள்ளே குடையும் கோடு எங்கும் இருக்கக்கூடாது. கண்ணாடி அதற்குள் இறங்கி மாட்டிக்கொண்டால் இரண்டில் ஒன்று உடைந்தால்தான் பிரியும்.

இரண்டாவது, செராமிக் ஃபைபர் பேப்பர். சூளை வேலைக்காரர்கள் கதவிடுக்கு அடைக்க வாங்குவது. 3 மில்லிமீட்டர் கனமான தாளைக் கத்தரித்து அடுக்கி மேலே கண்ணாடியை வைத்தால், வெட்டிய உருவம் அப்படியே பள்ளமாக விழும். வெட்டும்போதும், சுட்ட பின் எடுக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். அந்த இழைகள் நுரையீரலுக்கு ஆகாதவை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் வாசலில் தினமும் நடப்பதுபோல, தூளில் கோலம் போடுவது. அலுமினா ஹைட்ரேட்டும் சீனக் களிமண் தூளும் சரிபாதி வாங்கிக் கலந்து, மண் சட்டி ஒன்றில் போட்டு முதலில் 650 டிகிரி வரை தனியாகச் சுட்டு ஆறவிடுங்கள். இந்தத் தூள்களுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. அதை முன்னதாகவே வெளியேற்றாவிட்டால் கண்ணாடிக்கு அடியில் ஆவியாகக் கிளம்பும். ஆறியதை 80-ம் நம்பர் சல்லடையில் சலித்துச் சூளைத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் பரப்பி, ஸ்கேலால் சமன் செய்யுங்கள். விரலாலோ தூரிகைக் காம்பாலோ அதில் சிக்குக் கோலம் வரையுங்கள். கோட்டின் அகலம் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் கண்ணாடி பள்ளத்தில் இறங்காமல் பாலம்போல மேலேயே நின்றுவிடும். மேலே ஒரே ஒரு கண்ணாடித் தகடு, 780 டிகிரிக்குச் சற்று முன்பின். தூளில் நீங்கள் தோண்டிய கோடு கண்ணாடியின் அடியில் புடைப்பாக வரும். மேலிருந்து பார்த்தால் போட்டபடியே தெரியும், திருப்பினால் இடம் வலம் மாறும். எழுத்து வரைகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

ஆசைப்பட்டு வாசல் கோலமாவையே சூளையில் போட்டுவிடாதீர்கள். அதில் என்ன கல் அரைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

நிறம்: தூளின் நிறத்தை நம்பாதீர்கள்

கடையின் கடைசியில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உலோக ஆக்சைடுகள் இருக்கும். கோபால்ட் ஆக்சைடு கறுப்பாக இருக்கும், சூளையில் நீலம் தரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே போதும். தாமிர ஆக்சைடும் கறுப்புதான். காற்று தாராளமாகப் புழங்கும் சூளையில் பச்சையும் மயில் நீலமும் தரும், காற்று குறைந்த சூளையில் சிவப்புக்குத் திரும்பும். இரும்பு, நம் காவிக்கல்லின் நிறம், தேன் முதல் பழுப்பு வரை போகும். மாங்கனீசு ஊதா. குரோமியம் பச்சை, வெள்ளீயத்தோடு சேர்ந்தால் இளஞ்சிவப்பு.

குரோமியம் நமக்குத் தெரியாத உலோகமா என்ன. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட அதன் உப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். குரோம் ஏறிய ஈரத்தோல் ஒருவித வெளிர் நீலமாக அடுக்கிக் கிடக்கும், தொழிலில் 'வெட் ப்ளூ' என்பார்கள். அந்த நிறத்தை ஒரு தட்டில் கொண்டுவர நான் மூன்று மாதம் முயன்றிருக்கிறேன். கடையில் கோபால்ட்டும் தாமிரமும் பூசிய மாதிரி ஓடுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் வழி புரிந்தது. வெளிர் நீலக் கண்ணாடிக்கு அடியில் மிக மெல்லிய பச்சை. மாதிரி ஓடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே கிளேஸ் மெல்லியதாகப் பூசிய இடத்தில் ஒரு நிறமும் தடித்த இடத்தில் வேறு நிறமும் காட்டும். கண்ணாடியை அடுக்கும்போது நீங்கள் செய்யப்போவதும் அதே கணக்குதான்.

நிறத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் நான் பானைக்குப் பூசும் கிளேஸ் தூளை ஜன்னல் கண்ணாடிமேல் தாராளமாகத் தூவிச் சுட்டேன். வெளியே எடுத்தபோது அவ்வளவு அழகு. பதினோராம் நாள் ராத்திரி அலமாரியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். தட்டு குறுக்கே பிளந்திருந்தது. சூட்டில் எல்லாப் பொருளும் விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. ஒரு மீட்டர் ஜன்னல் கண்ணாடி 100 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். பானை மண் அதைவிடக் குறைவாக நீளும். அந்த மண்ணோடு பொருந்துமாறுதான் கிளேஸைக் கூட்டியிருப்பார்கள். அந்தக் கிளேஸும் ஜன்னல் கண்ணாடியும் ஒட்டிக்கொண்டு குளிரும்போது ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். சூளையில் உருக்கி ஒட்டவென்றே செய்த ஃபியூசிங் கண்ணாடியில் 90, 96 என்று எண் போட்டு விற்பதும் இந்த விரிவைத்தான்; அந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. ஒரே தாளிலிருந்து துண்டு வெட்டச் சொன்னதும் இதற்காகத்தான்.

இந்த இழுபறியே இல்லாத ஒரு பொருள் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, சூட்டுக்கு விரிவது மிகமிகக் குறைவான கண்ணாடிப் பீங்கானால் ஆனது. கண்ணாடியும் பீங்கானும் ஒரே உடலில் சேர்ந்திருக்கும் அந்தப் பொருளை நினைத்துக்கொண்டு மண் கடையில் நிற்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கும்.

அப்படியானால் நிறத்தை எப்படித்தான் பயன்படுத்துவது? மிக மெல்லியதாக, இரண்டு கண்ணாடிக்கு நடுவில். அண்டர்கிளேஸ் பென்சிலால், அதாவது மண் வேலைக்காரர் கிளேஸுக்கு அடியில் வரையும் பென்சிலால், அடிக் கண்ணாடியில் வரைந்து மேலே இன்னொன்றை மூடலாம். இரும்பு ஆக்சைடைத் துளி பசையில் குழைத்து மெல்லிய தூரிகையால் கோடு இழுக்கலாம். மெல்லிய தாமிரத் தகட்டை இலைபோல வெட்டி நடுவில் வைக்கலாம். செம்பழுப்பும் சில இடங்களில் நீலப்பச்சையும் வரும். பசை என்றால் கடையில் சி.எம்.சி. என்று கேளுங்கள். வேலூரில் அந்தப் பெயருக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும், மண் கடையில் அது தண்ணீரில் கூழாகும் பசைத்தூள். அந்தக் கூழில் கண்ணாடித் தூளைக் குழைத்து, மூக்கு வைத்த பிழியும் பாட்டிலில் ஊற்றினால் மருதாணிக் கோன்போல வரையலாம். கண்ணாடித் தூள் மட்டும் நீங்கள் பயன்படுத்தும் அதே கண்ணாடியை இடித்ததாக இருக்கட்டும்.

ஆக்சைடுகளை வெறுங்கையால் அளையாதீர்கள். கோபால்ட், மாங்கனீசு, குரோமியம் எதுவும் வயிற்றுக்கோ மூச்சுக்கோ ஏற்றதல்ல. வேலை முடிந்து மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் போட்டால் தூள் எழும்பும். உருக்கிப் பொடித்த கண்ணாடியை ஃப்ரிட் என்பார்கள்; அதில் சில வகைகளில் ஈயம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு, ஈயம் உள்ளதைத் தொடாமலே விட்டுவிடுங்கள். இப்படி நிறம் ஏற்றிய தட்டை அழகுக்கு வையுங்கள், சாப்பாட்டுக்கு வேண்டாம்.

அச்சுக் கிண்ணங்கள்

கிளேஸ் பூசாத, ஒருமுறை சுட்ட கிண்ணமும் தட்டும் கடையில் குவிந்திருக்கும். அடியில் துளை போட்டுப் பூச்சு பூசினால் கண்ணாடி வளைக்கும் அச்சு தயார். வாய் அகன்று சரிவு மெதுவாக இறங்கும் வடிவமாகப் பாருங்கள். செங்குத்தான சுவரில் கண்ணாடி சுருங்கி மடியும். மண் அச்சின் உள்ளேதான் கண்ணாடி இறங்க வேண்டும், கவிழ்த்து வெளிப்பக்கம் போர்த்தக்கூடாது. குளிரும்போது மண்ணைவிடக் கண்ணாடி அதிகம் சுருங்கும். வெளியே போர்த்தியிருந்தால் அச்சை இறுக்கிப் பிடித்து விரிசல் விடும். வெளியே போர்த்த வேண்டுமென்றால் எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. ஜன்னல் கண்ணாடி 680 முதல் 720 டிகிரிக்குள் வளையும். சூளைக்குச் சூளை மாறும், அதனால் கதவுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாங்க வேண்டியதும் வேண்டாததும்

முதல் தடவைக்கு அலுமினா ஹைட்ரேட், சீனக் களிமண் தூள் ஒவ்வொன்றும் ஒரு கிலோ, ஃபைபர் பேப்பர் ஒரு தாள், அண்டர்கிளேஸ் பென்சில் ஒன்று, இரண்டு கிலோ களி, வெங்காரம் நூறு கிராம். இவ்வளவுதான். வெங்காரம் எதற்கு என்றால், ஜன்னல் கண்ணாடியை அதிகச் சூட்டில் வைக்கும்போது மேலே பால் ஆடைபோல ஒரு மங்கல் படியும். வெந்நீரில் வெங்காரத்தைக் கரைத்து, சுடுவதற்கு முன் மேல்முகத்தில் மெல்லியதாகத் தெளித்துக் காயவிட்டால் அது குறையும்.

பெரிய கிளேஸ் வாளி, பார்க்க அழகாக இருக்கும் வண்ண ஃப்ரிட் பொட்டலம் இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலாவது பானைக்கானது. இரண்டாவதை உங்கள் கண்ணாடியோடு சேர்த்துச் சோதித்துப் பார்க்காமல் வாங்குவது வீண்.

சோதனை ஓடு

வீட்டுக்கு வந்த அன்றே, நோட்டில் இருப்பதில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு துண்டில் செய்து பாருங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு வெள்ளீயப் பக்கம் உண்டு. உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கில் அந்தப் பக்கம் மட்டும் பால்போல ஒளிரும். எல்லாத் துண்டிலும் அதைக் கண்டுபிடித்துக் குறியிட்டு, ஒரே திசையில் வையுங்கள்.

இரண்டு 4 மில்லிமீட்டர் தகடு சேர்ந்த ஓட்டுக்கு என் சூளையில் நான் ஓட்டும் கணக்கு இது. மணிக்கு 150 டிகிரி வீதம் 540 வரை. அங்கிருந்து மணிக்கு 100 வீதம் 680 வரை ஏற்றி அரை மணி நேரம் நிறுத்துவேன், இடையில் சிக்கிய காற்று வெளியேற. பிறகு வேகமாக 820, அங்கே பத்து நிமிடம். கதவைத் திறக்காமல் 550-க்கு இறங்கவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தம். அங்கிருந்து மணிக்கு 60 வீதம் 450 வரை, அதற்குப் பின் மணிக்கு 100 வீதம் 200 வரை. பிறகு சூளையை அணைத்துவிட்டு மறுநாள் காலைவரை தொடுவதில்லை. 550-ல் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தை எந்த அவசரத்துக்கும் குறைக்காதீர்கள். கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் தளர்வது அங்கேதான்.

ஓட்டின் பின்னால் தேதி, உச்சச் சூடு, நின்ற நேரம், எதன்மேல் படுத்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

கடையிலிருந்து ஊருக்குள்

இரண்டு மூன்று முறை கடைக்குப் போய்வந்த கண்ணுக்கு ஊர் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். யாளியின் பிடரியைக் கல்தச்சர் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறக்கியிருக்கிறார் என்று அப்போதுதான் பார்ப்பீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள், டார்ச் தேவைப்படாது. கோட்டை தொல்லியல் துறையின் காவலில் இருப்பது. களியை அழுத்தி அச்சு எடுப்பது, தாளை வைத்துத் தேய்ப்பது எதுவும் கூடாது. வரைந்துகொண்டு வந்து வீட்டில் களியில் செதுக்குங்கள். கல்லில் இருப்பதை அப்படியே எடுப்பதைவிட உங்கள் கை அதைத் தப்பும் தவறுமாக நினைவில் வைத்துச் செதுக்குவது கண்ணாடிக்கு நன்றாகவே பொருந்தும். நீர் வற்றிய பாலாற்றில் காற்று மணலில் போட்டுவிட்டுப் போகும் அலைக்கோடுகளும் அப்படித்தான்.

கரிகிரிப் பானை ஒன்று வீட்டில் இருந்தால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கிளேஸ் எங்கே நின்றது, மண் எங்கே தெரிகிறது, அந்த எல்லைக்கோடு எப்படி நடுங்குகிறது என்று. என் கிண்ணங்களின் விளிம்பை இப்போது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிக்கிறேன்.

ஓட்டோடு திரும்பிப் போங்கள்

முதல் நல்ல ஓட்டை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போங்கள். என்னுடையது தூளில் வரைந்த சிக்குக் கோலம். பளபளப்பான மேல்முகம் தெரியும்படி கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு ஓட்டைத் திருப்பி, புடைத்த கோடுகள் மேலே வரும்படி டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார்.

"இத்த ஏம்மா கீழ வச்சுக்கினே? இதான மூஞ்சி."

அதற்குப் பிறகு என் பெயரை வழவழப்பான பக்கத்தில்தான் போடுகிறேன்.